யார் யாரைத் தூங்க வைக்கிறார்கள்

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீயும் சுகம்தான் என்று நேற்று போன் திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன், ஆனால் கன்னம் கொஞ்சம் வற்றியிருந்தது போலத் தோன்றியது, அது கேமராவின் கோளாறா சாப்பாட்டின் கோளாறா என்று எழுது. தினமும் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மூன்று நாளாக நீ கூப்பிடும்போது உன் தங்கை பொடிசு தூங்கிக்கொண்டிருக்கிறாள். முதல் நாள், என்னம்மா அதுக்குள்ள தூங்கிட்டாளா என்று கேட்டாய். மறுநாள், உடம்பு கிடம்பு சரியில்லையா என்று கேட்டாய். நேற்று ஒன்றுமே கேட்காமல், சரிம்மா வச்சிடறேன் என்று வைத்துவிட்டாய். அப்புறம் அப்பாவுக்கு மட்டும் தனியாக, இப்படியே போனா அவ என்னை மறந்துடுவாப்பா என்று செய்தி அனுப்பியிருக்கிறாய். அவராகக் காட்டவில்லை, முகம் போன போக்கைப் பார்த்து நான்தான் கேட்டு வாங்கிப் படித்தேன், அவரைத் திட்டாதே. போனில் சமாதானம் சொல்ல எனக்கு வராது, உனக்கே தெரியும். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

அடுத்த மாதத்திலிருந்து பொடிசுக்குப் பள்ளிக்கூடம் மதியத்துக்கு மேலும் உண்டு. அதற்கு எழுதிக்கொடுக்கப் போனபோது டீச்சர், பாப்பா மதியம் தூங்குவாளா என்று கேட்டார். தூங்குகிற பிள்ளைகளுக்கு ஒரு அறை, தூங்காதவர்களுக்கு ஒரு அறையாம். எட்டிப் பார்த்தேன், ஒன்றில் திரையை இழுத்துவிட்டுச் சின்னச் சின்ன மெத்தைகள் போட்டிருந்தது, மற்றதில் மரக்கட்டைகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஈரமான ஏழெட்டுச் சட்டைகளும். எதுன்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க, பாதியில மாத்தினா குழந்தை குழம்பிடும் என்றார். எனக்கு அவள் எடை தெரியும், எந்தத் தடுப்பூசி எப்போது போட்டோம் என்று தெரியும், மதியம் தூங்குவாளா என்பது தெரியாது. மதியம் அப்பாதானே மூக்குக் கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு அவளைக் கூட்டி வந்து சோறு போட்டுப் பக்கத்தில் படுக்கிறார், நாலு மணிக்கு அவளையும் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போகிறார், நான் தண்ணீர் பரிசோதனைக் கூடத்திலிருந்து வீடு வந்து சேர இருட்டிவிடுகிறது.

அதனால் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தேன். குழந்தை டாக்டர், சில பிள்ளைங்க மூணு வயசுலயே நிறுத்திடும், சிலது அஞ்சு வரைக்கும் தூங்கும், உங்க குழந்தையைப் பார்த்து நீங்களே முடிவு பண்ணுங்க என்றார், அதாவது அவருக்கும் தெரியாது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா, மதியம் தூங்காத பிள்ளை சாயங்காலம் பேயாட்டம் ஆடும்மா என்றார், அவர் மிஷினும் அந்த நேரத்தில்தான் ஓய்கிறது. அப்பா, நானே தூங்கிடறேன், குழந்தை தூங்காதா என்றார். நீ போனில், மூணரை வயசுக்கு மதியத் தூக்கம் கட்டாயம்மா, நான் படிச்சேன், தூங்க வைங்க என்று அடித்துச் சொன்னாய். எதில் படித்தாய் என்று நான் கேட்கவில்லை. உனக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை வரும்போது எங்களுக்கு ராத்திரி ஒன்பதரை, மதியம் தூங்கினால்தான் அவள் அதுவரை விழித்திருப்பாள், அதுவும் எனக்குத் தெரியும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அவளைப் படுக்கப் போகச் சொல்லி நான் விரட்டுவது அவள் நன்மைக்கா நாலு பக்கம் படிக்கவா என்று யாராவது கேட்டால் திணறிப்போவேன். ஆக, அவள் தூங்க வேண்டும் என்று சொன்ன எல்லோருக்கும் அந்தத் தூக்கத்தில் ஒரு பங்கு இருந்தது. அவளுக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

நல்லவேளையாகப் பரிசோதனைக் கூடத்தில் கூரை வேலை நடக்கிறது, இரண்டு வாரமாக எங்களுக்கு அரை நாள்தான். முதல் நாள் சத்தம் காட்டாமல் வீட்டுக்குள் வந்து முன்னறையில் உட்கார்ந்தேன். உள்ளே அப்பாவின் குறட்டை, அது உனக்குத் தெரிந்ததுதான். அதற்கு நடுவில் யாரோ குசுகுசுவென்று பேசும் சத்தம். கதவிடுக்கில் பார்த்தால் பொடிசு கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து அப்பாவைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கிறாள். கண்ணாடியைக் கழற்றி, கடையில் அவர் செய்வது போலவே சட்டை நுனியில் துடைத்து, மடக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அவர் கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டாள். நுனிக்காலில் வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் திடுக்கிடக்கூட இல்லை, உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதம்மா, இப்பதான் தூங்கினாரு, இன்னிக்கு ரொம்பப் படுத்திட்டாரு என்றாள். அப்புறம் டப்பா மூடிகளையெல்லாம் தரையில் பரப்பி ஒன்றுக்குள் ஒன்று போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தானாக விளையாடினாள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே அப்பா புரளும் சத்தம் கேட்டதும் போய்ப் பக்கத்தில் படுத்து இறுகக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கொட்டாவி விட்டபடி வந்து, ரெண்டு பேரும் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிட்டோம் என்றார் என்னிடம். எத்தனை மாதமாக இப்படி என்று தெரியாது. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவருக்குத் தன் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை தெரியவில்லை. எதுக்கு மறுபடி போய்ப் படுக்கிறே என்று அவளைத் தனியாகக் கேட்டேன். எழுந்ததும் என்னைத் தேடுவாருல்ல, பாவம் என்றாள்.

ஒரு நாளை வைத்து எதையும் முடிவு செய்யும் பழக்கம் எனக்கு இல்லை, அந்த வாரம் முழுக்கப் பார்த்தேன். ஒரே ஒரு நாள், பள்ளியில் ஓட்டப்பந்தயம் வைத்த அன்று, நிஜமாகத் தூங்கினாள், மற்ற நாளெல்லாம் டப்பா மூடி விளையாட்டுதான். எனக்குப் புரியாதது ஒன்றுதான், மதியம் தூங்காதவள் உனக்காக ஒன்பதரை வரைக்கும் பளிச்சென்று இருப்பது எப்படி? அதைத் தேடிக்கொண்டு ஒரு சாயங்காலம் கடைக்குப் போனேன். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் அப்பாவின் சட்டையைச் சுற்றிக்கொண்டு வாயைத் திறந்து தூங்குகிறாள், பக்கத்தில் ஒரு பெரியவர் அவள் கால் படாமல் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார். தினமும் இப்படியா என்றால், ஆமா, விளக்குப் போடற நேரத்துக்குச் சாஞ்சிடுவா, குழந்தைதானே, தூங்கட்டும்னு விட்டுடுவேன் என்கிறார். மதியமும் தூங்கி இருட்டும்போதும் தூங்கும் பிள்ளை உலகத்தில் உண்டா என்று அவருக்குத் தோன்றவே இல்லை. காலையில் அவளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப நான் படும் பாடும் இதனால்தான், நான் அவள் குணம் அப்படி என்று நினைத்திருந்தேன். இந்த வாரம் கடைக்கு அனுப்பாமல் என்னிடமே வைத்துக்கொண்டேன். இருட்டுகிற நேரத்தில் சிணுங்கத்தான் செய்தாள், தையல்காரம்மா சொன்ன பேயாட்டம் வரவில்லை. சீக்கிரம் சாப்பிட்டு எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிட்டாள். காலையில் நான் எழுப்பவில்லை, அவளே எழுந்து வந்து பல் தேய்க்கப் பேஸ்ட் கேட்டாள். அந்த மூன்று நாள்தான் நீ கூப்பிட்டு ஏமாந்த மூன்று நாள். முன்கூட்டியே உன்னிடம் சொல்லியிருக்கலாம், சொன்னால் எழுப்புங்கம்மா என்பாய், நானும் எழுப்பிவிடுவேன், அப்புறம் ஒன்றும் தெரியாமலே போயிருக்கும்.

நீ எப்போது மதியத் தூக்கத்தை நிறுத்தினாய் என்று யோசித்துப் பார்த்தேன். உன் முதல் பல், முதல் அடி, முதலில் சொன்ன பொய் எல்லாம் நினைவிருக்கிறது, கடைசியாக மதியம் தூங்கிய நாள் நினைவில்லை. அன்று இதுதான் கடைசி என்று யாருக்குத் தெரியும்.

இப்போது நீ அப்பாவுக்கு எழுதியதற்கு வருகிறேன். உனக்கும் அவளுக்கும் இருபது வயது வித்தியாசம், பஸ்ஸில் எல்லோரும் உன்னை அம்மா என்றும் என்னை வேறென்னவோ என்றும் நினைத்தார்கள், மதியத்தில் அவளைத் தூங்க வைத்தது நீதான், நானில்லை. நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் வயதுக்கு அது பெரிய காலம், மறக்கமாட்டாள் என்று நான் சத்தியம் செய்தால் நீயே நம்பமாட்டாய். பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கதவிடுக்கில் பார்த்தபோது அவள் அப்பாவின் புருவத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். சுட்டுவிரலின் முதுகால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரு புருவம் முடிந்த பிறகு அடுத்தது, அந்த ஓரத்தில் ஒரு சின்ன அழுத்தம். நான் குழந்தைகளுக்கு முதுகில் தட்டுவேன். அப்பாவுக்குத் தட்டக்கூடத் தெரியாது, முந்திக்கொண்டு தூங்கிவிடுவார். யார்டி உனக்குச் சொல்லிக்குடுத்தா என்று கேட்டேன். என்னம்மா கேள்வி இது என்பது போலப் பார்த்துவிட்டு, இப்படித்தானே தூங்க வைக்கணும் என்றாள். அக்கா என்று அவள் சொல்லவில்லை, சொன்னதாக எழுதி உன்னைச் சந்தோஷப்படுத்தவும் எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பழக்கம் இந்த வீட்டில் வேறு யார் கையிலும் இல்லை.

டீச்சரிடம் தண்ணீர்த் தொட்டி அறை என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்று தோன்றுகிறது, செய்து பார். காலையில் அவள் பால் குடிக்க உட்காரும் நேரம் உனக்குப் படுக்கிற நேரம். இனி அப்போது கூப்பிடு. இதை இன்று காலை அவளிடம் சொன்னேன், அக்காவுக்கு அப்ப ராத்திரியா, சரி, நானே தூங்க வச்சிடறேன், நீ பால் டம்ளரைப் பிடிச்சுக்கோ என்றாள். மூன்று வாரம் பார்ப்போம், சரிவராவிட்டால் வேறு யோசிக்கலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. நல்லபடியாக இரு, எடுத்த வேலை நன்றாக முடியட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் உண்டு, அவர் இப்போது தனியாகத் தூங்கப் பழகிக்கொண்டிருக்கிறார், கண்ணாடியோடுதான் தூங்குகிறார். மறக்காமல் ஒன்று செய், படுத்ததும் போனை முகத்துக்கு நேராகச் சாய்த்து வை, முடியை ஒதுக்கிவிடு. அவள் புருவத்தைத் தேடுவாள்.

இப்படிக்கு,
அம்மா