வந்த பிறகு சொல்கிறேன் என்றாய்

இன்று காலை என் சாமான் பெட்டியைத் திறந்தேன். ஊருக்குத் திரும்பி இரண்டு மாதமாகியும் அதைத் தொடாமலே இருந்தேன். கடற்காற்றுக்கு எல்லாம் துருவேறிக் கிடக்கும் என்றுதான் நினைத்தேன். திறந்ததும் கிரீஸ் வாசம் அடித்தது. ஒவ்வொரு ஸ்பேனரும் எண்ணெய் பூசி, உன் பழைய நீலச் சாரத்தைக் கிழித்த துணியில் சுற்றி, அளவுவாரியாக அடுக்கியிருந்தது. அதைச் செய்ய உன்னைத் தவிர ஆளில்லை மச்சான். அப்படியே நம் எஞ்சின் கொட்டிலின் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? என் பிழையைப் பொறுத்துவிட்டாய் என்றா? இல்லை, இரும்பு துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத உன் சுபாவமா? பேச்சுவார்த்தை இல்லாதவனுடைய எஞ்சினையும் கழுவித் துடைத்துக் கொடுக்கிற ஆளல்லவா நீ.

கண்டக்குழிக் கரையில் ஒரே கொட்டிலில் நாம் இரண்டு பேரும் போட் எஞ்சின் திருத்திய காலத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனத்தின் அறிவித்தல் வந்தது. கிழக்கு ஆபிரிக்கக் கரையில் மீனவர்களுக்கு எஞ்சின் திருத்தப் பழக்க ஒருவர் வேண்டும். சம்பளம் இல்லை, சாப்பாடும் தங்குமிடமும் உண்டு, பதினெட்டு மாதம். இரண்டு பேரும் விண்ணப்பம் போட்டோம். உன் போன் களப்புத் தண்ணீரில் விழுந்திருந்ததால் இரண்டிலும் என் நம்பரைத்தான் எழுதினோம். அவர்கள் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் புத்தளத்துக்கு வாருங்கள் என்றார்கள். நான் உன்னிடம் வந்து, "என்ன மட்டுந்தான் மச்சான் கூப்பிட்டிருக்காங்க" என்றேன். நீ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் உன் வெள்ளைச் சட்டையை எடுத்துவந்து, "இதப் போட்டுட்டுப் போ, ஒன்ட சட்டையப் பாத்தா அவங்களே நமக்கு உதவி செய்ய வந்துருவாங்க" என்று சிரித்தாய். நேர்முகத்தில் மற்றவர் எங்கே என்று கேட்டார்கள். அவருக்கு விருப்பமில்லையாம் என்றேன். உன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அதையும் சொன்னேன். உன் கை என் கையைவிடத் திறம் என்று எனக்குத் தெரியும். நீ வந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

பயணம் சொல்ல வீடு வீடாகப் போனேன். பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றதும், என்ன பிழை என்று கேளாமலே எல்லாரும் பொறுத்தார்கள். சில வீடுகளில் கண்ணீர்கூட வந்தது. கடைசியாக உன்னிடம் வந்தேன். உண்மையைச் சொன்னேன். அல்லாஹ்வுக்குப் பயந்து சொன்னேன் என்று இவ்வளவு நாளும் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். விடிந்தால் விமானம், பதினெட்டு மாதம் உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன். நீ காபரேட்டரைக் கழுவிக்கொண்டே இருந்தாய். கழுவி முடித்த பிறகும் கழுவினாய். பிறகு, "போய்ட்டு வா. நீ வந்தாப் பொறகு சொல்றன்" என்று கையைத் தந்தாய். விமானத்திலும் என் கையில் பெற்றோல் மணத்தது.

ஐந்தாம் மாதம் மலேரியா என்னைப் போட்டு அடித்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இனி இங்கே வைத்திருக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். வேனில் சிலாபம் தாண்டும்போது, என்னைக் கூட்டிவர வந்த என் நானா, கூடப்பிறந்த மூத்தவர், என் முழங்காலில் கையை வைத்தார். "ஒனக்கு சொகமில்லாத நேரம், அதான் சொல்லல்ல" என்று தொடங்கினார். கரையில் யாருடையதோ எஞ்சினின் கயிற்றை இழுக்கும்போது விழுந்தாயாம். அடக்கி மூன்று வாரமாகியிருந்தது.

ஊர் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அங்கே சூரியன் கடலில் எழும்பும். இங்கே கடலில் விழுகிறது. அங்கே கிப்லா வடக்கே. வீட்டில் தொழ நின்றால் கால் தானாக வடக்கே திரும்புகிறது. மனைவி தோளைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பிவிடுகிறாள். சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் போகிறார். பக்கத்து வீட்டுக்காரர் பகலிலும் நுளம்பு வலை கட்டுகிறார். பாண் ரொட்டி விற்கிற கடையில் என்னைக் காண்கிறவர்களுக்கு என்ன கதைப்பதென்று தெரியவில்லை. அழுது அனுப்பி வைத்தவன் சொன்ன காலத்தில் அரைவாசியும் முடியாமல் வந்து கால் றாத்தல் சீனி கேட்டு நின்றால் அவர்களும் என்ன செய்வார்கள்? "வந்துட்டீங்களா?" என்கிறார்கள். ஓம் என்கிறேன். வந்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

உன்னை அடக்கிய அன்று உன் தம்பி எழுந்து, எங்கட நானா யாருக்கும் பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வழமைபோல் கேட்டானாம். எல்லாரும் பொறுத்தார்களாம். பிழை செய்தவன் உயிரோடு இருந்து, பொறுக்க வேண்டியவன் மண்ணுக்குள் போனால் யார் எழுந்து யாரிடம் கேட்பது? ஆலிமிடம் கேட்கலாம் என்று பள்ளிவரை போனேன். செருப்பைக் கழற்றினேன், திரும்பப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் மனைவி, கணவனை இழந்தவர் நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்களைக் காணாமல் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இருக்கிறார். நான் போய்ப் பார்க்க முடியாது. என் மனைவிதான் போய்வருகிறாள். நேற்று வந்து சொன்னாள்: "அவ ஒங்கள்ட்ட ஒரு விசயம் கேக்கச் சொன்னா. நீங்க வந்தாப் பொறகு ஒங்கள்ட்ட ஒண்டு சொல்லணும், சொல்லணும்டு அவட மாப்புள சொல்லிட்டே இருந்தாராம். அது என்னெண்டு ஒங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும் என்று உன் மனைவி நினைக்கிறார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் இத்தனை நாளும் காத்திருந்தேன். என் மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். விடியும்வரை தூக்கமில்லை. அதனால்தான் இன்று கொட்டிலுக்கு வந்தேன்.

என் பெட்டியை மூடிவிட்டு உன்னுடையதைத் திறந்தேன். துடைக்க ஆளில்லாமல் மூன்று மாதம். எல்லாம் செந்துரு. காய்ச்சல் விட்டும் எனக்குக் கையில் பலம் வரவில்லை, எஞ்சின் கயிறு இழுக்க முடியாது. ஆனால் துரு தேய்க்க முடிகிறது. பின்னேரம் அசர் பாங்கு கேட்கும்வரை தேய்த்தேன். உன் நீலத் துணியிலேயே சுற்றி வைத்தேன்.

இத்தா முடிய இன்னும் ஒன்றரை மாதம். அன்று உன் வீட்டுக்குப் போய், நீ எதற்குப் பதில் சொல்ல இருந்தாய் என்பதை உன் மனைவியிடம் நானே சொல்வேன். அவர் பொறுப்பாரோ, எழும்பி உள்ளே போவாரோ தெரியாது. உன்னிடம் சொன்னபோது என் சட்டைப்பையில் பாஸ்போட் இருந்தது. இந்தத் தடவை சொல்லிவிட்டு, அடுத்த நாள் காலையில் அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் நான் பாண் வாங்கப் போக வேண்டும்.