தோள்கறியில் கிடைத்த ஈயம்

கிளியர்வாட்டர் ஆற்றங்கரை, ஐடஹோ
மார்ச் மாதம், ஞாயிறு மதியம்

அன்புள்ள மகன் ராய்ஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். வேறு யாரும் இல்லை, நானேதான். எழுத்து கோணல்மாணலாகக் கோட்டை விட்டு இறங்கி ஓடுகிறது, மன்னித்துக்கொள். ஒரு வரி முடிவதற்குள் அடுப்பில் ஒரு விறகு எரிந்து தீர்ந்துவிடுகிறது. பேனாவை இறுக்கிப் பிடித்ததில் கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது. ஆனாலும் எழுபத்தாறு வயதில் உறையின் மேல் என் பெயரை நானே எழுதி, அதை நாய்க்குக் காட்டினேன். வீட்டில் காட்டுவதற்கு வேறு ஆள் இல்லை.

நூலகத்தில் திருமதி ஹால்வர்சன் எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறாள். பொறுமைசாலி. மர ஆலையில் இருந்தவரை ஒரு கிறுக்கலைக் கையெழுத்து என்று போட்டு ஓட்டிவிட்டேன் என்றதும், “இனிமே ஓட்ட வேண்டாம், நிதானமா நடங்க” என்றாள். இப்போது கடைப் பலகை, மாவுப் பை, தபால் வண்டி எல்லாம் என்னோடு பேசுகின்றன. நேற்று மளிகைக் கடையில் ஒரு பீன்ஸ் டப்பாவை மேலிருந்து கீழ்வரை படித்தேன். பின்னால் நின்ற பெண், “பெரியவரே, வாங்கப் போறீங்களா, இல்ல பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?” என்றாள். பீன்ஸ் எனக்குப் பிடிக்காது. சந்தோஷத்தில் வாங்கிவிட்டேன்.

இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் உன் அம்மா எழுதியது. நான் சொல்லச் சொல்ல எழுதுவாள் என்று நினைத்திருப்பாய். “வர மனசில்லன்னா வர வேணாம்னு எழுது” என்று நான் சொன்னால், “நேரம் கிடைக்கும்போது வா கண்ணு” என்றுதான் எழுதுவாளாம். இதை அவளே சாகும் முன்னால் சிரித்துக்கொண்டு சொன்னாள். இந்தக் கடிதத்தில் சர்க்கரை போட ஆள் இல்லை. உள்ளபடி படி.

பனி கரையத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு வெண்டலுக்கு இடுப்பு எலும்பு மாற்றி வைத்தார்கள். இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறான், பேச்சும் கூடிவிட்டது. துப்பாக்கிக் குண்டு வார்க்க, டயர் கடையில் சக்கரத்துக்கு அடிக்கும் ஈயக் கட்டி கேட்டேன். “இப்பல்லாம் ஈயம் வர்றதில்ல தாத்தா, எல்லாம் துத்தநாகம்” என்று கையை விரித்துவிட்டான். கொட்டகையில் இருப்பது எனக்குப் போதும்.

நீ பங்கு பிரித்துக் கொடுத்த எல்க் மான் கறியில் கடைசியாக ஒரு தோள்கறி இருந்தது. போன வாரம் எடுத்து வெட்டும்போது கத்தி இடித்தது. எலும்பு என்று நினைத்தேன். தோண்டிப் பார்த்தால் ஈயக் குண்டு. முன்பக்கம் காளான் மாதிரி விரிந்திருந்தது, அடிப்பக்கம் சிதையவில்லை. அங்கே மயிரிழை போல ஒரு மேடு. நாம் குண்டு வார்க்கும் அச்சு ஒருமுறை கீழே விழுந்து உள்ளே கீறல் பட்டதே, அதிலிருந்து அதில் வார்க்கும் குண்டு எல்லாவற்றுக்கும் அந்த மேடு உண்டு. சின்ன வயதில் நீ அதை நகத்தால் தடவிவிட்டு, “இது நம்ம வீட்டுக் குண்டுப்பா” என்பாய்.

அக்டோபரில் நடந்ததை ஒரு தடவை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நீ உன் முதலாளி கிரெய்டனைக் கூட்டிக்கொண்டு வேட்டைக்கு வந்தாய். வெட்டவெளி ஓரத்தில் அந்த ஆண் எல்க் வந்து நின்றது. நீ சுட்டாய். நானும் என் முப்பத்தைந்து காலிபர் ரைஃபிளால் சுட்டேன். இரண்டு வெடியும் ஒன்றாகவே கேட்டன. மான் கொஞ்ச தூரம் போய் விழுந்தது. கிரெய்டன் உன் முதுகில் தட்டி, “அசத்திட்டய்யா ராய்ஸ்!” என்றான். நானும் சுட்டேன் என்று சொன்னேன். நீ அவனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, “அப்பா, நீங்க வார்த்த ஈயம் அங்க போய்ச் சேர நாளைக்கு ஆகும்” என்றாய். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். குளிராக இருக்கிறது என்று என்னை வண்டியில் உட்காரவைத்துவிட்டு, சுட்டது நீதான் என்று உன் வேட்டை உரிமச் சீட்டை அதன் காலில் கட்டி, நீயே தோலுரித்தாய்.

மறுநாள் காலையில் அட்டைத் தட்டை மரத்தில் ஆணியடித்து வைத்து, “கண்ணு எப்படி இருக்குன்னு பாத்துருவோம்” என்றாய். என் ரைஃபிளுக்குக் கடையில் வாங்கிய செம்பு உறைத் தோட்டாவைக் கொடுத்தாய். சுட்டதெல்லாம் தட்டுக்கு மேலே போயிற்று. ரைஃபிள் மேல் இருக்கும் இந்தக் குறிமுள் மெதுவாகப் போகும் என் ஈயத்துக்கு வைத்தது, வேகத் தோட்டா மேலேதான் அடிக்கும் என்று சொன்னேன். “சாக்கு சொல்றாரு பாருங்க” என்று கிரெய்டனிடம் சொன்னாய். ராய்ஸ், அந்தக் குறிமுள்ளை ஈயத்துக்கென்று திருகி நிறுத்திய நாளில், அது நகராமல் இருக்க உன் அம்மாவின் நகச் சாயத்தில் சிவப்புப் பொட்டு வைத்தது நீ. அவள் உன்னைத் திட்டியது கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு, கண் போன ஆளிடம் துப்பாக்கி இருப்பது ஆபத்து என்று ரைஃபிளை உன் வண்டியில் வைத்து சியாட்டிலுக்குக் கொண்டுபோய்விட்டாய். நானும் நம்பினேன். குளிர்காலம் முழுக்க ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் தூரத்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் நன்றாகத்தான் தெரிந்தது. என் கண்ணை நான்தான் நம்பவில்லை.

கறியில் குண்டு கிடைத்ததும் கொட்டகைக்குப் போய், நீ விட்டுப்போன தோலை விரித்துப் பார்த்தேன். உப்புப் போட்டுச் சுருட்டி வைத்த நான், அதுவரை விரிக்கவே இல்லை. ஒரே துளை. என் சுண்டுவிரல் நுழைந்தது. உன் குண்டு மெலிசு, அது போடும் துளையில் பென்சில்கூடப் போகாது. பட்டிருந்தால் மறுபக்கமும் கிழித்துக்கொண்டு போயிருக்கும். மறுபக்கம் துளையே இல்லை. தோலுரித்தவன் கண்ணில் இது படாமல் இருக்காது.

வெண்டல் பார்த்துவிட்டு, “அடேய் டெல்பர்ட், குண்டைப் பொட்டலம் கட்டி அந்த முதலாளிக்கே அனுப்புடா. இப்பத்தான் உனக்கு எழுதத் தெரியுமே!” என்று குதித்தான். ஒரு நாள் முழுக்க எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் அன்று போனில், கிரெய்டன் உன்னை மேலாளர் ஆக்கிவிட்டான் என்று நீ சொன்ன குரல் நினைவுக்கு வந்தது. அப்படி ஒரு குரலை உன்னிடம் ரொம்ப நாளாக நான் கேட்டதில்லை.

அதனால் சாயங்காலம் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். ஈயம் உருகியதும் மெழுகுத் துண்டு போட்டுக் கலக்கி, அழுக்கை வழித்துவிட்டு, அந்தக் குண்டையும் உள்ளே போட்டேன். மூழ்கிப் போயிற்று. எல்லாவற்றையும் புதிதாக வார்த்து ஜன்னலோரம் அடுக்கியிருக்கிறேன். எல்லாவற்றிலும் அந்த மேடு இருக்கிறது. கறியில் கிடைத்த ஈயம் எதில் கலந்திருக்கிறதென்று இப்போது எனக்கே தெரியாது. யாருக்கும் காட்ட முடியாது. நீ பயப்பட வேண்டாம்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. அந்த மான் உனக்கு வேண்டுமென்று என் காதோடு சொல்லியிருந்தால் அங்கேயே கொடுத்திருப்பேன், நான் சுடவே இல்லை என்றும் சொல்லியிருப்பேன். மானை எடுத்துக்கொண்டாய், சரி. ரைஃபிளை ஏன் எடுத்தாய்?

அக்டோபர் வர இன்னும் மாதங்கள் இருக்கின்றன. ரைஃபிளைக் கொண்டு வருவதாக இருந்தால், முதலில் குழலுக்குள் ஒட்டிய செம்பை மருந்து போட்டு நன்றாகத் துடைத்து எடு. செம்பின் மேல் ஈயம் நேராக ஓடாது. சிவப்புப் பொட்டை மட்டும் தொடாதே, அது வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.

நீ நன்றாக இரு. புது வேலை நிலைக்கட்டும். உன் கை நடுங்காமல், உன் கண் தெளிவாக, நீ என் வயதைத் தாண்டி இருக்க வேண்டும். அப்போது உன் கண்ணை உனக்கே சந்தேகமாக்குகிற பிள்ளை உனக்கு வாய்க்காமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

தாள் தீர்ந்துவிட்டது. திருமதி ஹால்வர்சனிடம் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கிறேன். நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அடுத்த ஞாயிறு இதே மேஜையில் உட்கார்ந்து உனக்கு எழுதுவேன்.

உன் அப்பா,
டெல்பர்ட்
(என் கையாலேயே எழுதியது)