நட்டைப் பிடிக்க ஓர் ஆள்

அண்ணா,

சோறு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது. உப்பு குறைவு, கோபக்காரர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறக் கூடாது என்று பார்த்துப் போட்டேன். சாவி செருப்பு அலமாரியில்.

நம் பாய்மரப் படகுக்குப் போகிறேன். மேல்தளத்தில் கயிறு கட்டும் முளையை நேற்று தனியாகவே பொருத்திப் பார்த்தேன். மேலே போல்ட்டைத் திருகினால் கீழே நட்டும் கூடவே சுற்றுகிறது. கீழே போய் நட்டைப் பிடித்தால், மேலே திருக ஆளில்லை. ஏறி இறங்கியே பொழுது போயிற்று. "பிடிச்சியாடா?" என்று மேலிருந்து நானே கேட்டு, இறங்கிப் போய், "பிடிச்சாச்சு, திருகு" என்று நானே சொன்னேன். பக்கத்துப் படகுக்காரர் குடும்பத்தோடு எட்டிப் பார்த்தார்.

"படகை வித்துத் தொலை, இனிமே என்கிட்ட பேசாதே" என்றாய். சரி, பேச வேண்டாம். நீ தளத்துக்கு அடியில், நான் மேலே, நடுவில் பலகை. என் மூஞ்சியைப் பார்க்கவே வேண்டியதில்லை. நட்டைப் பிடித்ததும் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

பி.கு.: ஸ்பானர் அடியிலேயே இருக்கிறது.

இன்னொன்று: நேற்று கிளம்புமுன் அடியில் உட்கார்ந்து நானே தட்டிப் பார்த்தேன். சத்தம் மேலே நன்றாகக் கேட்கும் என்றுதான் நினைக்கிறேன். மேலே யாரும் இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.