சங்கத்தின் முதல் தலைவியாக இருந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. கடைக்குக் கிளம்பியவள் அங்கிருந்த கல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் கைகளில் எப்போதும் இருந்த வாசனை அது. நீங்கள் போய் இத்தனை வருஷம் கழித்து, இந்த மடலை எழுத இன்றுதான் கை வந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அந்த மருத்துவமனையில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தபோது நீங்கள் பிரசவ வார்டில் ஆயா. என்னைவிட மூன்றே வயது மூத்தவர். கீழ்நிலை ஊழியர் சங்கத்தில் பாதிக்கு மேல் பெண்கள்தான். ஆனால் கமிட்டியில் ஒரு பெண்கூட இல்லை. கர்ப்பமானால் வேலை போய்விடும். பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தால் புது ஆளாகத்தான் சேர வேண்டும். அடுத்தவர்களின் பிரசவத்துக்கு இரவும் பகலும் உழைத்தவர்களுக்குத் தங்கள் பிரசவத்துக்கு ஒரு நாள் விடுப்புக் கிடையாது.

அறுபதில், இலங்கையில் ஒரு பெண் பிரதமரான செய்தி பத்திரிகையில் வந்தது. உலகத்திலேயே முதல் பெண் பிரதமர். நீங்கள் அந்தத் தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்தீர்கள்.

"அந்தம்மா ஒரு நாட்டையே நடத்தப் போறாங்க. நம்ம சங்கத்தை நாம நடத்த முடியாதா லா? தலைவர் பதவிக்கு என் பேரை டைப் அடி."

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபத்தில் தேர்தல் கூட்டம். பழைய தலைவர் எழுந்து, "கூட்டம் கூட்டம்னு நீ கிளம்பிட்டா உன் வீட்டுல யாரும்மா சமைப்பா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது.

"நீங்க இத்தனை வருஷமா கூட்டத்துக்கு வர்றீங்களே, அண்ணே, உங்க வீட்டுல அண்ணி சமைச்சாங்கல்ல? என் வீட்டுல என் வீட்டுக்காரர் சமைப்பாரு" என்றீர்கள். சிரிப்பு பக்கம் மாறியது. அன்று நீங்கள் ஜெயித்தீர்கள்.

காலையில் வார்டு, மாலையில் சங்கம். பிரசவ விடுப்புக் கேட்டு நீங்கள் தமிழில் சொல்லச் சொல்ல, நிர்வாகத்துக்கு நான் ஆங்கிலத்தில் கடிதம் அடிப்பேன். ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களையே பார்த்துக்கொண்டு, "நாட்டை ஆளுற அந்தம்மாவுக்கும் இப்படித்தான் கால் வீங்குமா?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

இரண்டாம் வருஷம் நிர்வாகம் ஓர் ஒப்பந்தத்தோடு வந்தது. தொடர்ந்து ஐந்து வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு வேலை நிரந்தரம். பிரசவ விடுப்புக் கோரிக்கையை மட்டும் இப்போதைக்குக் கைவிட வேண்டும். பிள்ளை பெற்ற பெண்கள் யாருக்கும் தொடர்ந்து ஐந்து வருஷம் இருந்ததில்லை. ஆனாலும் உங்களைத் தவிரக் கமிட்டியில் எல்லோரும் கை தூக்கினார்கள். தலைவர் என்பதால் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

"உங்களுக்கு அந்த நாற்காலி பெருசாப் போச்சு, அக்கா" என்றேன்.

"இப்ப நான் எந்திரிச்சுட்டா இன்னொரு பொம்பளையை அதுல உக்கார விடுவாங்களா? நீ திட்டு. திட்டிட்டு நாளைக்கு வந்து டைப் அடி."

நான் போகவில்லை. மறுநாளும் போகவில்லை, அந்த வருஷம் முழுக்கப் போகவில்லை. தேநீர் வேளையில் நீங்கள் வந்து உட்கார்ந்தால் வார்டுப் பெண்கள் எழுந்துபோனார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த உங்கள் வீட்டுக்காரர், தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த கடிதங்களோடு நீங்கள் தனியாக நிர்வாக அலுவலகத்துக்கு நடந்தீர்கள். ஒருமுறை அல்ல, மாதக்கணக்கில். அடுத்த ஒப்பந்தத்தில் எட்டு வார விடுப்பும், திரும்பி வந்தால் அதே வேலையும் எழுத்தில் வந்தன.

அதற்குப் பின் நடந்த தேர்தலில் தோற்றீர்கள். பெண்களுக்காக மட்டுமே நின்றவள் என்றார்கள் ஆண்கள். பெண்கள் அந்தப் பழைய கையெழுத்தை மன்னிக்கவில்லை. மறுநாள் காலை நீங்கள் வழக்கம்போல வார்டில் தரை துடைத்துக்கொண்டிருந்ததை, கதவருகே நின்று பார்த்துவிட்டு உள்ளே வராமல் போய்விட்டேன்.

என் மகள் உங்கள் வார்டில்தான் பிறந்தாள். எனக்குப் படுக்கை விரிப்பு மாற்றியது நீங்கள். "எத்தனை வாரம் லீவு போட்டிருக்கே?" என்று கேட்டீர்கள்.

"எட்டு வாரம், அக்கா."

"முழுசா எடு. பாதியில ஓடி வந்துடாதே."

அவ்வளவுதான். குழந்தை அழுதது. நீங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டீர்கள்.

எட்டு வாரத்தையும் ஒருநாள் விடாமல் எடுத்தேன். அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம், பொங்கலுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வந்தோம். நீங்கள் எதையும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. நீங்கள் தோற்ற அந்தத் தேர்தலில் நான் உங்களுக்கு ஓட்டுப் போடவில்லை, அக்கா.