செம்மண் மேட்டு லைக்கன்

9.12.2009, புதன்

வகுப்பு முடிந்து விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறிப் போனால், கிளியனூரில் அந்தச் செம்மண் மேட்டையே காணோம். யாரோ மண் அள்ளிப் போயிருக்கிறார்கள். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து ஓருயிராய்த் தரையோடு ஒட்டி வளரும் அந்தச் சாம்பல் நிற லைக்கனை இந்த மாவட்டத்தில் நான் பார்த்தது அங்கே மட்டும்தான். பள்ளத்தைப் பார்த்தபடி நின்றேன்.

அங்கே ஆடு மேய்க்கும் செல்வி வந்து, கையைப் பிடித்துத் தன் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். வேப்பமர நிழலில், மண்ணோடு பெயர்த்த லைக்கன் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தாள்.

“ஜேசிபி வந்ததும் அன்னக்கூடையில வாரிக்கினு வந்துட்டேன் டீச்சர். நீங்க மண்டி போட்டுப் பாத்துக்கினு இருப்பீங்களே. பொழைக்குமா?”

இடம் மாற்றினால் பெரும்பாலும் பிழைக்காது. “பொழைக்கும்” என்றேன்.

மாவட்ட லைக்கன் கணக்கெடுப்புக்கு நான் எழுதும் அறிக்கையில் ‘அழிந்துவிட்டது’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் வரவில்லை. ‘கிளியனூர், செல்வி வீட்டுக் கொல்லை’ என்று எழுதியிருக்கிறேன்.