இன்னும் செருகாத ஒயர்

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

இங்கே ஒரு சின்ன சமாச்சாரம், பதறாதே. போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். என் லேப்டாப் மேல்கட்டிலிலிருந்து விழுந்து உயிரை விட்டது. அதன் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, அதை அறை நண்பரின் லேப்டாப்பில் செருகிப் பார்க்க ஒரு பெட்டியும் ஒயரும் வாங்கப் போனேன். எனக்குப் பிடித்த நீலப் பெட்டிக்குள் டிஸ்க் நுழையவில்லை.

"சட்டை அழகா இருந்தா போதுமா, உடம்பு நுழைய வேண்டாமா?" என்று கடைக்காரர் தடித்த டிஸ்க்குக்கான பெட்டியைக் கொடுத்தார். நான் நீள ஒயர் கேட்டேன்.

"வேணாம், கரண்ட் பத்தாது. குட்டை ஒயரே போடுங்க. செருகினதும் டிக் டிக்னு சத்தம் வந்தா உடனே பிடுங்கிடுங்க, இல்லேன்னா உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடும்."

"வந்தா என்ன அர்த்தம்?" என்றேன். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிவிட்டார்.

பெட்டியை மூடித் திருகாணி முடுக்கியாயிற்று. ஒயர் கையிலேயே இருக்கிறது. பாப்பா முதன்முதலில் என்னைக் கூப்பிட்ட வீடியோ அந்த டிஸ்க்கில்தானே இருக்கிறது.

அந்த வீடியோவை எடுத்த உன் பழைய போன் பீரோவில் கிடக்கும்; அதில் இன்னொரு பிரதி இருந்தாலும் இருக்கும். யாருக்கும் கொடுத்துவிடாதே. சார்ஜ் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நீ சொல்லும்வரை ஒயரைச் செருக மாட்டேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா