கேமராவில் பச்சையாய் இருந்த கொடிக்கால்

ஐப்பசி 10, திங்கள்
விடியற்காலை தூறல். இன்றிலிருந்து மாதவிலக்கு. சாமி விளக்கு இல்லை. கொடிக்காலும் இல்லை, தலைக்கு ஊற்றும்வரை வெற்றிலைத் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. வீட்டுக்காரருக்குக் கால் முறிந்து கட்டு. வேறு ஆள் கிடையாது. ஆற்றோர வெற்றிலைக் காடுகளில் வாடல் நோயாம். முதல் கொடி மஞ்சளானதுமே பிடுங்கிவிட்டால் மீதி பிழைக்கும்.

அதற்காகத்தான் கேமரா. வீடியோ பார்த்து நானே கற்றது. சீட்டுக்கட்டு அளவுக் கம்ப்யூட்டர், ரிப்பன் வயரில் நகம் அளவு கேமரா. நேற்றே டிபன் டப்பாவுக்குள் வைத்து கொடி படரும் அகத்தி மரத்தில் கட்டியாயிற்று. படம் போனுக்கு வருகிறது.

மறக்காமல் இருக்க: கேமரா சில்லில் லட்சக்கணக்கில் கட்டங்கள். ஒவ்வொன்றின்மேலும் நிற வடிகட்டி. நாலில் ரெண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். விழும் வெளிச்சம் எண்ணாகும். எண்ணை வைத்துக் கம்ப்யூட்டர் நிறம் போடும்.

பாதி பச்சை. வெற்றிலைக்கென்றே செய்தது போல.

6, 9, 12, 3 மணி: நாலு படம். எல்லாம் பச்சை.

ஐப்பசி 11, செவ்வாய்
மழை. நாலு படம். பச்சை.
கட்டிலில் இருந்தபடி அவர், "இலை எப்படி இருக்குது கண்ணு?"
"பச்சையாத்தானுங்க இருக்குது."
"உன்ற டப்பா பொய் சொல்லாதா?"
"உங்களாட்டம் அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க."
சிரித்தார். கட்டுப் போட்ட பிறகு முதல் தடவை.

ஐப்பசி 13, வியாழன்
வெயில். பச்சை. சில இலை தொங்குகிறது. மழை பாரம்தான்.

ஐப்பசி 14, வெள்ளி
தலைக்கு ஊற்றிவிட்டுப் போனேன்.
மஞ்சள். எட்டு வரிசையும். ஒரு கொடியைத் தொட்டேன், அழுகிய வேரோடு கையில் வந்தது. காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை.

படத்தில் ஏன் பச்சை? மதியம் தேடிப் படித்தேன். நிறத்தைத் தானாகவே திருத்தும் ஏற்பாடு. படம் முழுக்க மஞ்சளடித்தால் வெளிச்சத்தின் குறை என்று எடுத்துக்கொண்டு மஞ்சளைக் கழித்துவிடுமாம். அதை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். ஒத்துப்பார்க்க ஒரு வெள்ளைத் துணியாவது கட்டியிருக்கலாம். அரைகுறைப் படிப்பு.

மாரியம்மனுக்கு விளக்கேற்றினேன்.

ஐப்பசி 15, சனி
கொடி அறுக்க ஆட்கள். பக்கத்துக் காட்டு அக்கா வேலியோரம் நின்று அவர்களிடம், "விலக்கோட உள்ள போயிருப்பா. இல்லாட்டி இப்படிப் போகுமா?" எனக்குக் கேட்கட்டும் என்றே.

எல்லோரும் போன பின், சுவரைப் பார்த்தபடி அவர், "நெசமாவே நீ உள்ள போவலயில்ல?"
"போவலைங்க."
தாயே, மன்னித்துக்கொள். போயிருக்க வேண்டும்.